சான்றிதழ் வந்துவிட்டது, பயிற்சி எங்கே?

கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்தும் பெற்றோராகிய நாம் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு. நம் பிள்ளைக்குப் பாடம் நடத்துகிறவருக்குப் பாடம் நடத்துவது யார்? கட்டடம் எத்தனை மாடி, பேருந்து எந்த வழியாக வருகிறது, வளாக நேர்காணலுக்கு எந்தெந்த நிறுவனங்கள் வந்தன என்பதையெல்லாம் துருவித் துருவி விசாரிக்கிறோம். ஆசிரியரின் தயாரிப்பைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. செயற்கை நுண்ணறிவு மாணவனின் கைப்பேசிக்குள் குடியேறிவிட்ட இந்நாளில் அந்த மௌனம் நம் பிள்ளைகளுக்குத் தீங்காக முடிகிறது என்பதாலேயே இதை எழுதுகிறோம்.

தாம்பரமும் அதைச் சுற்றியுள்ள தென்சென்னைப் புறநகரும் கல்லூரிகளின் நிலம். 1837இல் தொடங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் நகரத்தை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. கீழக்கரையைச் சேர்ந்த பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்களின் முயற்சியால் 1984இல் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரி எழுந்தது. அதன்பின் ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும், கிழக்கே பழைய மகாபலிபுரம் சாலை வரையிலும் சுயநிதிக் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் வரிசையாக வந்துவிட்டன. காலை நேர மின்சார ரயில் தாம்பரத்திலும் வண்டலூரிலும் பொத்தேரியிலும் இறக்கிவிடும் கூட்டத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். 2007ஆம் ஆண்டு முதல் கிடைத்துவரும் 3.5 விழுக்காடு ஒதுக்கீட்டின் துணையால் இடம் பெற்றவர்களும் உண்டு. இடம் கிடைப்பதற்காக இவ்வளவு போராடிய சமுதாயம், அந்த இடத்தில் உட்கார்ந்த பிறகு பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதில் அக்கறையற்று இருக்கலாமா?

இங்கே பெயர் சொன்ன எந்த நிறுவனத்தையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம் நோக்கமன்று. நாம் பேசவிருப்பது நாடெங்கும் ஊறிப்போன ஒரு வழக்கத்தைப் பற்றி.

அந்த வழக்கத்துக்குக் கல்லூரி வட்டாரத்தில் எஃப்.டி.பி. என்று பெயர். ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி என்று தமிழில் சொல்லலாம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏ.ஐ.சி.டி.இ. தன் ‘அடல்’ அகாதமி வழியாக இத்தகைய பயிற்சிகளை நடத்துகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் பழைய மனிதவள மேம்பாட்டு மையங்கள் 2023இல் மாளவியா திட்டத்தின் கீழ்ப் புதுப் பெயர் பெற்று நடத்துகின்றன. இவை போதாவென்று ஒவ்வொரு கல்லூரியும் தன் பங்குக்கு ஒன்று நடத்துகிறது. 2025ஆம் ஆண்டைச் செயற்கை நுண்ணறிவு ஆண்டாக ஏ.ஐ.சி.டி.இ. அறிவித்த பின்னர், ‘கற்பித்தலில் ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவு’ என்ற தலைப்பைத் தாங்கிய அழைப்பிதழ்கள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வாரந்தோறும் வந்து விழுகின்றன.

அங்கே நடப்பதென்ன? இப்பகுதிக் கல்லூரிகளில் பணியாற்றும் நம் சமுதாயத்து ஆசிரியர்கள் சொல்லும் வருணனை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. ஐந்து நாளோ ஆறு நாளோ இணையவழிக் கூட்டம். கேமரா அணைந்திருக்கும். ஆசிரியர் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, அதே நேரத்தில் ஆய்வகத்தில் மாணவர்களையும் மேற்பார்வையிட்டுக் கொண்டிருப்பார். சிறப்பு விருந்தினராக வருபவர் ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு கருவிகளைத் திரையில் ஓடவிடுவார். இது பி.பி.டி. செய்து தரும், இது ஆய்வுக் கட்டுரையைச் சுருக்கித் தரும், இது வினாத்தாள் அமைத்துத் தரும், இது படம் வரையும். கடைசி நாளில் ஒரு கூகுள் படிவம், பத்துக் கேள்விகளுக்கு ஒரு தேர்வு, எல்லாரும் கேமராவைத் திறந்து ஒரு குழுப்படம். மறுநாள் மின்னஞ்சலில் சான்றிதழ்.

‘உங்கள் பாடத்தில் நீங்கள் கொடுக்கும் ஒப்படைப்பு எது? அதை இந்தக் கருவியிடம் கொடுத்தால் என்ன விடை வருகிறது? அப்படியானால் அந்த ஒப்படைப்பால் இனி என்ன பயன்?’ இந்த மூன்று கேள்விகளையும் எந்தப் பயிற்சியிலும் எவரும் தம்மிடம் கேட்டதில்லை என்று அவர்கள் சொல்கிறார்கள்.

கேட்காததற்குக் காரணம் உண்டு. சான்றிதழுக்கு மதிப்பு இருக்கிறது, பயிற்சிக்கு இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி பதவி உயர்வுக்கான நிபந்தனைகளில் இத்தகைய பயிற்சிகள் இடம்பெறுகின்றன. ‘நாக்’ குழு தரமதிப்பீடு செய்ய வரும்போது பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் விழுக்காடு கணக்கில் எடுக்கப்படுகிறது. ஆகவே கல்லூரிக்கு எண்ணிக்கை வேண்டும், ஆசிரியருக்குத் தாள் வேண்டும், நடத்துபவருக்குக் கூட்டம் வேண்டும். மூவரும் விரும்பியது கிடைத்துவிடுகிறது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நான்காவது ஆள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. தாளில் காட்டினால் போதும் என்ற இந்த மனப்பான்மை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2024 ஜூலையில் வெளிவந்த செய்தியே சான்று. ஒரே ஆசிரியர் ஒரே காலத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரமாகப் பணியாற்றுவதாகக் காட்டப்பட்டிருந்ததை அறப்போர் இயக்கம் அம்பலப்படுத்தியது. அண்ணா பல்கலைக்கழகம் விசாரணைக் குழு அமைக்க நேர்ந்தது. ஆளையே தாளில் உருவாக்கத் தெரிந்த இடத்தில் பயிற்சியைத் தாளில் உருவாக்குவது பெரிய காரியமா?

இதற்கிடையில் மாணவன் காத்திருக்கவில்லை. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. 2025 ஜூலையில் ஏர்டெல் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டியின் கட்டணச் சேவையை ஓராண்டுக்கு இலவசமாகத் தந்தது. அதே மாதத்தில் கூகுள் இந்தியக் கல்லூரி மாணவர்களுக்கு ஜெமினியின் கட்டணத் திட்டத்தை ஓராண்டுக்கு இலவசமாக்கியது. வணிக நிறுவனங்களின் இந்தத் தாராளம் எதற்காக என்பதைக் கடைத்தெருவில் வளர்ந்த நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எப்படியோ, ஆசிரியர் இன்னும் படவில்லையில் பார்த்துக்கொண்டிருக்கும் பொருள் மாணவனின் கையில் ஓராண்டாக இயங்கிக்கொண்டிருக்கிறது. ஒப்படைப்புகள் பத்து நொடியில் தயாராகின்றன. ஆசிரியர் அதே கருவியிடம் அவற்றைக் கொடுத்து மதிப்பெண் கேட்கவும் தொடங்கிவிட்டால், இரு இயந்திரங்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கு நாம் பருவக் கட்டணம் கட்டுகிறோம் என்றாகும்.

பயிற்சியற்ற இந்த நிலையில் கல்லூரிகள் கைக்கொண்ட குறுக்குவழிதான் நம்மைக் கோபங்கொள்ளச் செய்கிறது. கண்டறியும் கருவி என்ற பெயரில் இன்னொரு மென்பொருளை வாங்கி, அது காட்டும் விழுக்காட்டைத் தீர்ப்பாக்கி விட்டார்கள்.

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. பிள்ளையின் பெயரும் கல்லூரியின் பெயரும் இங்கே வேண்டாம். மேல்நிலைப் பள்ளி வரை தமிழ்வழியில் படித்த பெண் அவள். ஆங்கிலத்தில் நீண்ட வாக்கியம் எழுத அஞ்சி, ஆசிரியர் கொடுத்த குறிப்பிலும் பாடநூலிலும் உள்ள சொற்றொடர்களை மனப்பாடம் செய்து, குட்டிக் குட்டி வாக்கியங்களாகக் கோத்து எழுதுவது அவள் வழக்கம். நோட்டில் இருமுறை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் கணினியில் தட்டச்சு செய்தாள். கருவி அதை இயந்திரம் எழுதியது என்றது. துறைத் தலைவரின் அறைக்கு அவளுடைய அத்தா அழைக்கப்பட்டார். “நாங்க என்ன பண்ண முடியும் பாய், சாஃப்ட்வேர் அப்படித்தான் காட்டுது” என்று பதில் வந்தது. பையில் இருந்த நோட்டை அவள் எடுத்து நீட்டினாள். அதைப் புரட்டிப் பார்க்க அந்த அறையில் இருந்த எவருக்கும் தோன்றவில்லை. அக மதிப்பெண் குறைக்கப்பட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி எழுத்துத் தேர்வுப் பாடங்களில் 40 மதிப்பெண் அக மதிப்பீட்டுக்குரியது. தன்னாட்சிக் கல்லூரிகளிலும் அதன் பங்கு சிறியதன்று. அங்கே விழும் வெட்டு அரியரில் போய் முடியலாம். அதன் வழியாக உதவித்தொகையைத் தொடலாம். சில வீடுகளில் ‘படித்தது போதும்’ என்ற பேச்சையும் கிளப்பிவிடலாம். பெண் பிள்ளைகளின் விஷயத்தில் அந்தப் பேச்சு எவ்வளவு விரைவில் வரும் என்பதை நாம் அறிவோம்.

அந்த ‘சாஃப்ட்வேர்’ என்பது என்ன? சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படியொரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. துல்லியம் போதவில்லை என்று கூறி அதே ஆண்டு ஜூலையில் தானே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெற்றவளுக்கே பிள்ளையை அடையாளம் தெரியவில்லை. அண்டை வீட்டார் சத்தியம் செய்கிறார்கள்! அதே 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் செலுத்திப் பார்த்தார்கள். மனிதர் எழுதிய அக்கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை, 61 விழுக்காட்டை, இயந்திரம் எழுதியது என்று அவை தவறாகக் கூறின. அமெரிக்கப் பள்ளி மாணவர் எழுதிய கட்டுரைகளில் அப்படிப்பட்ட தவறு ஏறக்குறைய நேரவில்லை. காரணம் எளிது. குறைந்த சொல்வளத்தோடு, எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்த சொல்லை வைத்து எழுதினால் கருவி அதை இயந்திர நடை என்று கொள்கிறது. நம் பிள்ளைகள் அப்படித்தானே எழுதுகிறார்கள்? அவர்களுக்கு அப்படி எழுதத்தானே கற்றுக்கொடுத்தோம்?

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் டர்னிடின் நிறுவனத்தின் கண்டறியும் வசதியை அணைத்து வைத்தது. அவர்கள் சொன்ன கணக்கு கவனிக்கத்தக்கது. முந்தைய ஆண்டில் அந்த மென்பொருளுக்கு அனுப்பிய தாள்கள் 75,000. நூற்றில் ஒன்று தவறினாலும் 750 மாணவர்கள் செய்யாத குற்றத்துக்கு ஆளாகியிருப்பார்கள். நம் நாட்டில் ஹரியானாவின் ஜிந்தால் உலகப் பல்கலைக்கழகத்தில், 88 விழுக்காடு செயற்கை நுண்ணறிவு என்ற கணக்கின் பேரில் சட்ட முதுநிலை மாணவர் ஒருவருக்குத் தேர்ச்சி மறுக்கப்பட்டது. அவர் 2024இல் பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றம் சென்றார். அவரைத் தேர்ச்சி பெற்றவராக அறிவித்துவிட்டதாகப் பல்கலைக்கழகம் தெரிவித்ததும் நவம்பரில் வழக்கு முடிவுற்றது. அவர் சட்டம் படித்தவர், வழக்குத் தொடுக்கத் தெரிந்தவர். தாம்பரத்துப் பெண்ணின் அத்தா மளிகைக்கடை வைத்திருப்பவர்.

எழுத்துத் திருட்டைக் கண்டறிவதையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். திருட்டைக் கண்டறியும் மென்பொருள், ‘இந்த வரி இந்த நூலிலிருந்து வந்தது’ என்று மூலத்தைப் பக்கத்திலேயே வைத்துக் காட்டும். மாணவனும் பார்க்கலாம், ஆசிரியரும் பார்க்கலாம், மறுக்கலாம், ஏற்கலாம். செயற்கை நுண்ணறிவைக் கண்டறிவதாகச் சொல்லும் கருவி அப்படி எந்த மூலத்தையும் காட்டுவதில்லை. ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு நின்றுகொள்கிறது. குற்றம் சாட்டுபவரே ஆதாரம் கொண்டுவர வேண்டும் என்பது நம் ஃபிக்ஹ் நூல்களின் அடிப்படை விதிகளுள் ஒன்று. நாட்டின் சட்டமும் அவ்வாறே சொல்கிறது. ஆதாரமில்லாத எண்ணைக் கொண்டு ஒரு பிள்ளையின் நேர்மையில் கறை பூசுவதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

இவ்வளவும் சொன்னதால் ஆசிரியர்களைத் திட்டுகிறோம் என்று எவரும் கருத வேண்டாம். அவர்கள் நிலை பரிதாபத்துக்குரியது. மானியக் குழுவின் விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. சுயநிதிக் கல்லூரிகளில் அந்த எல்லை எவ்வாறு காற்றில் பறக்கிறது என்பதை அங்கே பணியாற்றுகிறவர்களைக் கேட்டால் தெரியும். வகுப்புக்கு மேல் ‘நாக்’ கோப்புகள், என்.பி.ஏ. கோப்புகள், கோடை வந்தால் மாணவர் சேர்க்கைக்காக ஊர் ஊராக அலைச்சல். இவ்வளவுக்கும் நடுவில் ‘இந்த மாதம் ஓர் எஃப்.டி.பி. முடித்துச் சான்றிதழைச் சமர்ப்பிக்கவும்’ என்று சுற்றறிக்கை. அவர் கேமராவை அணைத்துவிட்டு உட்காராமல் வேறென்ன செய்வார்? குற்றம் அவருக்கு நேரம் தராமல் தாள் கேட்கும் நிர்வாகத்தினுடையது. தாளை எண்ணிப் புள்ளி போடும் மதிப்பீட்டு முறைக்கும் அதில் பங்குண்டு.

நம் சமுதாயத்துக்குள்ளேயே இருவகைப் பேச்சு உலவுகிறது. ஒன்று, இந்தக் கருவிகளை அடியோடு தடுத்துவிட வேண்டும் என்பது. அச்சு இயந்திரம் வந்தபோதும் ஒலிபெருக்கி வந்தபோதும் இதே பேச்சைக் கேட்டோம். இன்று ஒலிபெருக்கி இல்லாத மஸ்ஜித் எது? மற்றொன்று, இதைப் படித்தால் வேலை நிச்சயம், ஆகவே கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையை அந்தப் பிரிவில் சேர்த்துவிடுவோம் என்பது. முதல் தரப்பார் மாணவனை ஒளித்துச் செய்ய வைக்கிறார்கள், இரண்டாம் தரப்பார் விளம்பரப் பலகைக்கு இரையாகிறார்கள். இரு தரப்பாரும் வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதில்லை.

உண்மையில் இந்தக் கருவி நம் பிள்ளைகளுக்கு உதவக்கூடியது. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளை, வகுப்பில் எழுந்து கேட்க வெட்கப்படும் பிள்ளை, இரவு பத்து மணிக்கு ‘டெரிவேட்டிவ் என்றால் என்ன, தமிழில் சொல்’ என்று கேட்டால் பொறுமையாகச் சொல்கிறது. மூன்று முறை கேட்டாலும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் அதே பொறுமையோடு, அதே உறுதியான குரலில், இல்லாத நூலையும் இல்லாத நூலாசிரியரையும் காட்டிவிடும். மார்க்க விஷயத்தில் கேட்டவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். புகாரி என்று பெயர் சொல்லி, எண்ணும் போட்டு, அந்த எண்ணில் வேறொரு செய்தி இருக்கக் காண்கிறோம். யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார், அவர் நம்பத்தகுந்தவரா, இருவரும் சந்தித்தது உண்மையா என்று அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொரு கண்ணியாகத் தட்டிப் பார்த்த கல்வி மரபு நம்முடையது. அந்த மரபின் பிள்ளைகளுக்கு, கருவி தரும் ஒவ்வொரு மேற்கோளின் மூலத்தையும் தேடிப் பிடித்துச் சரிபார்க்கக் கற்றுக்கொடுப்பது கடினமான காரியமா? அதைக் கற்றுக்கொடுக்க ஆசிரியர் தம் பாடத்திலேயே அக்கருவி எங்கெங்கே சறுக்குகிறது என்பதைத் தம் கையால் சோதித்து அறிந்திருக்க வேண்டும். அதுதான் பயிற்சி.

ஹிஃப்ழு மதரஸாவை நினைத்துப் பாருங்கள். மாணவர் வீட்டில் எப்படி மனனம் செய்தார், ஒலிப்பதிவைக் கேட்டாரா, செயலியைப் பயன்படுத்தினாரா என்று உஸ்தாத் அலட்டிக்கொள்வதில்லை. முன்னே உட்காரவைத்து ஓதச் சொல்கிறார். எந்த வசனத்தில் தடுமாறுகிறார், ஒன்றுபோல வரும் இரு வசனங்களில் எங்கே வழி மாறுகிறார் என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. கல்லூரி ஆசிரியரும் ஒப்படைப்பை வாங்கிக்கொண்டு மாணவனை முன்னே உட்காரவைத்து ஐந்து நிமிடம் பேசினால், அவன் எழுதியதா இல்லையா என்பதோடு அவனுக்கு என்ன புரியவில்லை என்பதும் வெளிப்படும். எந்த மென்பொருளும் வேண்டியதில்லை.

நேரமெங்கே என்று நிர்வாகம் கேட்கும். கணக்குப் போட்டே பதில் சொல்வோம். வகுப்பில் 60 பேர் என்றால் 300 நிமிடம், அதாவது ஐந்து மணி நேரம். மூன்று பிரிவுகளுக்கு நடத்துபவருக்குப் பதினைந்து மணி நேரம். சிறிய வேலை அன்றுதான். பருவத்துக்கு நான்கு ஒப்படைப்பு வாங்கி எவரும் படிக்காமல் கட்டி வைப்பதற்குப் பதிலாக, ஒன்றே ஒன்று வாங்கி இந்தப் பதினைந்து மணி நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கில் எழுதட்டும். எஃப்.டி.பி.யில் வீணாகும் மணி நேரங்களும் கைக்கு வந்து சேரும்.

அடுத்து, வினாக்களை மாற்றக் கற்பது. இதற்கு ஒருவர் மேடையேறிப் பேசினால் போதாது. ஒரு துறையின் ஆசிரியர்கள் ஆறேழு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். அவரவர் சென்ற பருவத்தில் கொடுத்த ஒப்படைப்பைக் கருவியிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். ‘வெள்ளத் தடுப்பு முறைகளை விளக்குக’ என்ற கட்டடவியல் வினாவுக்கு அது நொடியில் நான்கு பக்கம் எழுதிவிடும். அந்த வினா செத்துவிட்டது என்று ஆசிரியரே கண்ணால் காண வேண்டும். பிறகு மாற்ற வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. மூன்று வீடுகளுக்குச் சென்று தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்று கேட்டு, சுவரில் அளந்து, எந்தப் பக்கத்திலிருந்து புகுந்தது என்று வரைந்து வரச் சொல்லலாம். அதன்பின் கருவியிடமும் கேட்டு, அது சொல்வதும் அந்த வீட்டுப் பெரியவர் சொன்னதும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று எழுதச் சொல்லலாம். வணிகவியல் மாணவருக்கு மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு கடைக்காரரின் அனுமதியோடு ஒரு வாரக் கொள்முதலும் விற்பனையும் கணக்காகட்டும். கருவியைப் பயன்படுத்தினால் எங்கே, எதற்கு என்று ஒரு பத்தியில் அவர்களே எழுதிக் கொடுக்கட்டும். ஒளிக்க வேண்டிய தேவையே இராது. புதிய வினாவை வகுப்பில் கொடுத்து, ஆறு வாரம் கழித்து மாணவர் எழுதிய தாள்களோடு அதே ஆசிரியர்கள் மீண்டும் அதே மேசைக்கு வர வேண்டும். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று தாளை வைத்துக்கொண்டு பேச வேண்டும். ஒரு பருவம் முழுதும் நீளும் இந்த வேலையை ஐந்து நாளில் அடக்க இயலாது.

வெளிநாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகம் மதிப்பீட்டை இரு பாதைகளாகப் பிரித்துவிட்டது. ஒன்றில் ஆசிரியரின் கண்முன் மாணவர் தாமாகச் செய்து காட்ட வேண்டும். மற்றதில் கருவியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நடுவில் ஒளிந்து பிடித்து விளையாடும் இடமே வைக்கவில்லை. யுனெஸ்கோ 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆசிரியர்களுக்கான செயற்கை நுண்ணறிவுத் திறன் சட்டகம் ஐந்து கூறுகளைச் சொல்கிறது: மனிதரை மையமாகக் கொண்ட பார்வை, அறநெறி, கருவியின் அடிப்படையும் பயன்பாடும், கற்பிக்கும் முறை, ஆசிரியரின் சொந்த வளர்ச்சி. நம் எஃப்.டி.பி.க்கள் மூன்றாவதை மட்டும், அதிலும் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன.

ஆகவே பெற்றோரிடம் நாம் வேண்டுவது இதுதான். அடுத்த முறை பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது வருகை விழுக்காட்டையும் மதிப்பெண்ணையும் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். செயற்கை நுண்ணறிவைப் பற்றி இக்கல்லூரிக்கு எழுத்துவடிவில் விதி உண்டா, அதை மாணவர் கையில் கொடுத்தீர்களா என்று கேளுங்கள். கருவி காட்டும் விழுக்காட்டை மட்டும் வைத்து மதிப்பெண் குறைப்பீர்களா, குறைத்தால் பிள்ளை யாரிடம் முறையிடலாம், அவளுடைய நோட்டை யார் படித்துப் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். ஆசிரியர்களுக்கு அளித்த பயிற்சியால் எந்தப் பாடத்தின் எந்த ஒப்படைப்பு மாறியது என்று கேளுங்கள். சான்றிதழ்களின் எண்ணிக்கையைச் சொன்னால், ‘அதைக் கேட்கவில்லை ஐயா’ என்று பணிவோடு சொல்லி மறுபடியும் கேளுங்கள். அத்தாமார் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் அம்மாமார் கேட்கட்டும். கணினி தெரியாதே என்று தயங்க வேண்டாம். இவற்றில் ஒன்றுகூடக் கணினியைப் பற்றிய கேள்வி அன்று.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். எழுதிப் பார்த்த நோட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். கணினியில் எழுதினால் பழைய வடிவங்களை அழிக்காதீர்கள். கருவியிடம் உதவி பெற்றிருந்தால் பெற்றோம் என்று நீங்களே எழுதிவிடுங்கள். பெறவில்லையென்றால் எவர் மிரட்டினாலும் பெற்றேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை வைக்கிறோம். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், கூடுவாஞ்சேரி மஹல்லாக்களில் கல்லூரி ஆசிரியர்களாக இருக்கும் நம்மவர்கள் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் எடுத்தால் எண்ணிக்கை வியப்பளிக்கும் என்றே நினைக்கிறோம். நிர்வாகங்கள் விழிக்கும் வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பருவம் தொடங்கும் முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், லுஹருக்குப் பிறகு, மஸ்ஜிதின் மேல்தளத்தையோ மதரஸாக் கூடத்தையோ திறந்துவிடுங்கள். பிற சமுதாயத்து ஆசிரிய நண்பர்களையும் அழைத்து வரச் சொல்லுங்கள். மேசையும் தேநீரும் ஜமாஅத்தின் பொறுப்பு. சென்ற பருவத்து ஒப்படைப்பு வினாக்களை அவர்கள் எடுத்து வரட்டும். இந்த அமர்வுக்குச் சான்றிதழ் கிடையாது என்பதை அழைப்பிலேயே போட்டுவிடுங்கள்.